மாமா சொன்ன படம்

எங்கள் மாமாவுக்குக் குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு. சோகமான படத்தைக் கண் கலங்காமல் பார்த்துவிட்டு, முடிவு நல்லபடியாக அமைந்த படத்துக்கு அழுகிறவர் என்பது அந்தப் பெயர். கல்யாண வீடுகளில் தாலி ஏறும் நேரம் பார்த்து யாராவது அவர் பக்கம் ஒரு கைக்குட்டையை நீட்டுவார்கள். சுற்றியிருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் அதை வாங்கிக் கண்ணை ஒற்றிக்கொள்வதுபோல் பாவனை செய்து இன்னும் கொஞ்சம் சிரிக்க வைப்பார். இந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க் வேலை. கொட்டாஞ்சேனையில் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்த காலத்தில், டிவியில் வெளிநாட்டுப் படம் போட்டால் அதை எங்களுக்குத் தமிழில் சொல்வது அவருடைய பொறுப்பு. டிவிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முகத்தை எங்கள் பக்கம் வைத்து உட்காருவார். கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் படித்து, ஆணுக்கு ஆண் குரல், பெண்ணுக்குப் பெண் குரல், நாய்க்கு நாய்க்குரல் என்று போட்டுக் காட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் படம் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு மாமாவைக் கேட்க வருவார்கள்.

ஆனால் அவர் சொல்வதை முழுதாக நம்பிவிட முடியாது. உப்புப் புளி சேர்க்காமல் அவருக்கு எதையும் பரிமாறத் தெரியாது. சந்திரனில் இறங்கிய மனிதன் பூமிக்குத் திரும்பியதும் இஞ்சிப் பிளேன்டீ கேட்பான். துப்பாக்கியோடு நிற்கிற வெள்ளைக்காரப் பொலிஸ்காரன் ஜிந்துப்பிட்டி முருகன்மேல் சத்தியம் செய்வான். "பாதிதான் படம், மிச்சம் பாதி இவன்" என்று அம்மா சொல்லுவார். சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமையும் முதல் ஆளாக வந்து உட்காருவார்.

அப்பா வேலை பார்த்த புடைவைக் கடை வெள்ளவத்தையில் ஒரு கிளை திறந்து, அவரை அதற்குப் பொறுப்பாகப் போட்டது. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடிக்குக் குடி போனோம். மாமா கொட்டாஞ்சேனையிலேயே தங்கிவிட்டார். அப்பா யார் யாரையோ பிடித்து எனக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கினார். இடம் கிடைத்த அன்று அம்மா எங்களுக்கு அறிமுகமே இல்லாத வீடுகளுக்கும் கேக் கொடுத்து அனுப்பினார்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் போய்வருகிற வேன்தான் எனக்கு ஆகவில்லை.

கொழும்பில் படித்தவர்களுக்குத் தெரியும், பள்ளிக்கூட வேன் ஒரு தனி ராஜ்யம். டிரைவர் முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் நடப்பது வீட்டுக்கும் தெரியாது, பள்ளிக்கூடத்துக்கும் தெரியாது. அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைப் பெரிய பிள்ளைகள் தீர்மானிப்பார்கள். டிரைவருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில், என்ஜினுக்கு மேலே மெத்தை போட்ட ஒரு மூடி இருக்கும். புதிதாக வருகிற பிள்ளைக்கு அதுதான் இடம். பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் தொடை சுட்டுவிடும். அதிலும் முகம் பின்பக்கம் பார்த்திருக்கும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், நான் எல்லோரையும் பார்ப்பேன்.

சூடு எனக்குப் பெரிய காரியமாக இல்லை. இரட்டைப் பின்னலில் அகலமாக ரிப்பன் கட்டின அக்கா ஒருத்தி அந்த வேனில் இருந்தாள். முதல் வாரம் அவள் என்னோடு மிகவும் அன்பாகத்தான் பேசினாள்.

"நீர் கொட்டாஞ்சேனையோ?"

"ஆமாக்கா."

அவ்வளவுதான். வேன் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அவர்கள் வீடுகளில் அதற்கு எல்லோரும் "ஓம்" என்பார்கள். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே "ஆமா"தான். அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. "ஆமா" என்று மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியாகப் பார்த்துக் கேட்பார்கள். நான் ஒரு நாள் தைரியமாக "ஓம்" என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

பிறகு வாடை வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவளில் பேலியகொடை மீன் சந்தை மணக்கிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். பேலியகொடை ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆனால் வேனுக்குள் யார் பூகோளம் பார்த்தார்கள்? சில நாட்களில் ரிப்பன் அக்கா தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி, "இஞ்ச வந்து இரும்" என்று சிரித்த முகத்தோடு கூப்பிடுவாள். நான் என்ஜின் மூடியிலிருந்து எழுந்து போவேன். உட்காரும் வரைக்கும் ஒருவரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். உட்கார்ந்து, வேன் நகர்ந்த பிறகு, எல்லோரும் ஒன்றாக மூக்கைப் பொத்துவார்கள். ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை உண்மையாகவே கூப்பிடுகிறாள் என்று நம்பித்தான் நான் போனேன்.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். முதலில் வேனில், பிறகு வகுப்பில், கடைசியில் வீட்டிலும். காலையில் இரண்டு தடவை குளித்தேன். அம்மாவின் பவுடரைக் கழுத்திலும் கையிலும் அப்பிக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் தவறாமல் எனக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா எத்தனையோ தடவை கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. என்னவென்று சொல்வது? "நம்ம பேசுற பேச்சுக்குச் சிரிக்கிறாங்க, நம்ம மேல நாறுதாம்" என்று சொல்ல வேண்டும். அம்மா பேசுவதும் அதே பேச்சுத்தான். நான் படுவதை அம்மாவும் பட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். இடம் கிடைத்த சந்தோஷத்தில் கேக் கொடுத்து அனுப்பிய கையை வேறு பார்த்திருந்தேன்.

வீட்டில் அதற்குள் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வெள்ளவத்தைக் கடல்காற்று பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடல் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தினார்கள். கொத்தமல்லி அவித்த தண்ணீர் மூன்று வேளையும் கொடுத்தார்கள். ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலிலிருந்து ஒரு கறுப்புக் கயிறு வந்து என் கையில் ஏறியது. கொட்டாஞ்சேனையும் அதே கடலோரத்தில்தானே இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அவருடைய ஆபீசுக்கு ஏதோ ஒரு தூதரகத்திலிருந்து வெளிநாட்டுத் திரைப்பட விழாவுக்கு இரண்டு பாஸ் வந்திருந்தது. ஆபீஸ் பெரியவர்கள் யாரும் வேண்டாம் என்றதால் கிளார்க்கின் மேசைக்கு வந்து சேர்ந்தது. பாஸில், கம்பளித் தொப்பி போட்ட ஒரு பையன் பனியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். சின்னப் பிள்ளைகள் படம் என்று மாமா முடிவு கட்டிவிட்டார்.

"கூட்டிட்டுப் போ" என்றார் அம்மா. "கடல் இல்லாத பக்கமாக் கொஞ்சம் காத்துப் படட்டும். இவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு."

பஸ்ஸில் போய், மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில் இறங்கி நடந்தோம். வாசலில் மாமா கச்சான் கடலை வாங்கித் தந்தார். மண்டபத்துக்குள் ஏசி குளிர். கைத்தறிப் பை மாட்டினவர்கள் நிறையப் பேர். எல்லோரும் மெதுவாக, மூச்சு விடுவதுபோல் பேசினார்கள். அந்தக் கூட்டத்தில் சின்னப் பிள்ளை என்று நான் ஒருத்திதான் இருந்தேன். அப்போதே மாமாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் வந்தாகிவிட்டது.

படம் ஒரு குளிர் நாட்டுப் படம். அந்த மொழியின் பெயரைக்கூட எனக்கு இன்றைக்கும் சரியாக உச்சரிக்க வராது. கீழே ஆங்கில எழுத்து ஓடியது. மாமா வழக்கம்போல் என் காதுப் பக்கம் சாய்ந்து தொடங்கினார். ஒரு பையன், அவனுக்கு ஒரு அம்மா. அம்மாவுக்கு ஆட்டுப் பண்ணையில் வேலை. ஊரை அடுத்து ஒரு பெரிய ஏரி, முழுக்க உறைந்து கிடக்கிறது. பையன் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். மாமா தனக்குத் தெரிந்த மெல்லிய குரலில்தான் சொன்னார். அவருடைய மெல்லிய குரல் மூன்று வரிசைக்குக் கேட்கும். பின் இருக்கையிலிருந்த ஒரு வயதான அம்மா குனிந்து, "தம்பி, கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ. நாங்களும் வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறம்" என்றார். மாமா கூச்சப்பட்டுக் குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார்.

படத்தில் பள்ளிக்கூட பஸ் வந்தது. பையன் ஏறினான். உள்ளே இடமில்லை. ஒரு பெண்பிள்ளை சிரித்த முகத்தோடு நகர்ந்து இடம் விட்டாள். யாரும் பேசவில்லை. எழுத்தும் ஓடவில்லை. அதனால் மாமாவும் சும்மா இருந்தார்.

நான் கச்சானை மென்றுகொண்டே சொன்னேன்: "இப்ப ஒண்ணும் செய்ய மாட்டாங்க மாமா. அவன் உக்காரட்டும். அப்பறம்தான் மூக்கப் பொத்துவாங்க."

பையன் உட்கார்ந்தான். பஸ் நகர்ந்தது. பிறகு எல்லோரும் ஒன்றாக மூக்கைப் பொத்தினார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் சொல்லல?" என்று மாமாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு எப்படிப் புள்ள தெரியும்?"

"அப்படித்தான் மாமா செய்வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கச்சானை உடைத்தேன்.

அதற்குப் பிறகு மாமா படம் சொல்ல மறந்துவிட்டார். எழுத்து தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பையனுடைய ஒரு சப்பாத்தைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்கள். அவன் ஒரு கால் சப்பாத்தோடு பனியில் நடந்து வீட்டுக்கு வந்தான். அம்மா அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பி அவன் காலைப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவன் ஏதோ சொன்னான்.

"மாமா, என்னா சொல்றான்?"

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு பையனுடைய குரலில் தொடங்கினார். "'அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். கோவிக்காமக் கேளுங்க. பஸ்ஸுல என்னைய நாறுதுன்னு சொல்றாங்கம்மா. ஒங்க மனசு நோகும்னுதான் இத்தன நாளாச் சொல்லல.' அப்படின்னு எல்லாத்தையும் சொல்லிட்டான் புள்ள. ஒண்ணு விடாமச் சொல்லிட்டான்."

"அவங்க அம்மா?"

"'அடேய், இத்தன நாளா வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்த? ஒன்னையச் சொன்னா என்னையச் சொன்ன மாதிரி. நாளைக்கி நானும் பஸ்ஸுல வாறேன், எவன் மூக்கப் பொத்துறான்னு பாப்பம்.'"

திரையில் அந்த அம்மாவின் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. அவ்வளவுதான். எனக்கு அது கொஞ்சம் இடித்தது.

"வாய் கொஞ்சந்தானே மாமா அசைஞ்சிச்சு?"

"குளிர் நாடு புள்ள. நல்லாத் தொறந்து பேசுனா உள்ளுக்குக் குளிர் போயிரும்."

"அங்கயும் கொழுக்கட்டை இருக்கா?"

"இருக்கு, இருக்கு. உள்ளுக்கு இறைச்சி வச்சு அவிப்பாங்க."

இதற்கெல்லாம் பின் இருக்கை அம்மா கட்டாயம் அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் பையன் மறுபடியும் பஸ்ஸில் தனியாகத்தான் ஏறினான். "அம்மா வரல்லியே?" என்றேன். பின்னால் இன்னொரு பஸ்ஸில் வருகிறார், அதைக் காட்ட மாட்டார்கள் என்றார் மாமா. ஹெட்மாஸ்டரின் அறை வந்தது, அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிடச் சொல்லி ஆர்டர் எழுதுகிறார் என்றார். கடைசியில் பையன் ஏரிக்கரைக்கு வந்தான். மிச்சமிருந்த சப்பாத்தையும் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, பனிக்கட்டிமேல் வெறும் காலோடு நடக்கத் தொடங்கினான். எங்கே பார்த்தாலும் வெள்ளையாக இருந்தது. மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை.

"எங்க மாமா போறான்?"

"அவங்க வீசுனாங்களே சப்பாத்து, அதத் தேடி."

"அவங்க அம்மா எங்க?"

மாமா திரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்: "கரையில நிக்கிறாங்க."

"காணமே?"

"கேமராவுக்கு இந்தப் பக்கம் புள்ள. நம்ம இருக்கோமே, இந்தப் பக்கம்."

நான் நம்பினேன். அந்த அம்மா எங்களுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருட்டில் நிற்கிறார் என்று உண்மையாகவே நினைத்துத் திரும்பிக்கூடப் பார்த்தேன். பையன் வெகுதூரம் போய்விட்டான். ஒரு புள்ளியாகத் தெரிந்தான். பிறகு நின்று, எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பாத்தியா, அம்மா கூப்பிட்டுட்டாங்க. அதான் திரும்புறான்."

திரை முழுக்க வெள்ளையாகியது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டான் புள்ள" என்றார். "வந்துட்டான்."

விளக்குப் போட்டார்கள். மாமாவின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. "நல்லாத்தானே மாமா முடிஞ்சிச்சு, ஏன் அழுறீங்க?" என்று கேட்டேன்.

"நல்லா முடிஞ்சதுக்குத்தான் புள்ள" என்றார்.

பின் இருக்கை அம்மா எழுந்து வந்தார். தூங்கினவர் மாதிரித் தெரியவில்லை. அவருடைய கண்ணும் சிவந்திருந்தது. என் தலையைத் தடவிவிட்டு மாமாவைப் பார்த்து, "நீங்கள் சொன்ன படம்தான் தம்பி நல்ல படம்" என்றார். எங்கள் வேனில் பேசுகிற அதே பேச்சு. ஆனால் அதில் மூக்கைப் பொத்துகிற ஒன்றும் இல்லை. மாமாவின் மொழிபெயர்ப்பைப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டு வாசல் வரைக்கும் வந்த மாமா உள்ளே வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். எங்கள் வீட்டில் டீ குடிக்காமல் அவர் திரும்பியது அதுதான் முதல் தடவை. "அந்தப் பையன் தைரியமான பையன், என்னா?" என்று மட்டும் படியில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

உள்ளே அம்மா திங்கட்கிழமைக்காக என் வெள்ளை யூனிபோர்மை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். நாளைக்கு மறுபடியும் அந்த வேன். நான் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். எனக்கு என்று சொந்தமாக ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்தப் பையனுடைய வார்த்தைகள்தான் தயாராக இருந்தன.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். கோவிக்காமக் கேளுங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். என்ஜின் மூடியை, ரிப்பன் அக்காவை, "ஆமா"வை, மீன் சந்தையை. அம்மா அயனை எடுக்க மறந்துவிட்டார். சட்டைக் கையில் பழுப்பாக ஒரு தடம் விழுந்தது. நான் சொல்லி முடித்ததும் அயனைத் தூக்கி நிறுத்தி, மேசையைச் சுற்றி வந்து, என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி, இத்தன நாளா வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்த?"

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "அம்மா, நீங்களும் படம் பாத்தீங்களா?" என்று கேட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலையில் பழுப்புத் தடம் உள்ள சட்டையோடு நான் வேனில் ஏறினேன். எனக்குப் பின்னால் அம்மாவும் ஏறினார். "அத மமத் எனவா" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இன்றைக்கு நானும் வருகிறேன் என்று டிரைவரிடம் அறிவித்துவிட்டு, நேரே போய் ரிப்பன் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் வரைக்கும் அவளோடு பேசிக்கொண்டே வந்தார். அப்பா என்ன வேலை, எந்த ஒழுங்கை, காலையில் என்ன சாப்பாடு. ஒவ்வொரு பதிலுக்கும் "ஆமாவா? அப்படியா?" என்று வாய் நிறையச் சொன்னார். வேனில் ஒருவருடைய கையும் மூக்குப் பக்கம் போகவில்லை. இறங்கும்போது அவளிடம், "இவ ஒன்னைய அக்கான்னு கூப்புடுறா. அக்கா மாதிரி இரு புள்ள" என்றார். அன்று பின்னேரமே அவளுடைய வீட்டுக்கும் போய் அவளுடைய அம்மாவோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு வந்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது மாமா சொல்லும் கதையாகிவிடும். சிரிப்பு முழுதாக நிற்கவில்லை. ஆனால் எனக்கு ஜன்னலோரம் ஒரு இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக் காய்ச்சல் போயிற்று. வீட்டில் நான் பேசத் தொடங்கினேன். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் நான் முதலில் சொன்னது, நல்ல முடிவுக்கு மாமா அழுத கதையைத்தான். நடித்தும் காட்டினேன். குடும்பம் அதைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் படத்தை மறுபடியும் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. சென்ற மாதம் கொழும்பில் ஒரு திரைப்பட விழாவில், முன்பு காட்டிய படங்கள் சிலவற்றைத் திரும்பப் போட்டார்கள். அறிவித்தலில் அதே கம்பளித் தொப்பி. தனியாகப் போனேன். மாமா எவ்வளவு அளந்துவிட்டிருக்கிறார் என்று பார்த்து, அவரைக் கூப்பிட்டுக் கேலி செய்வதாகத்தான் திட்டம்.

படம் ஓடத் தொடங்கியதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமா அளக்கவே இல்லை. ஆட்டுப் பண்ணை, ஏரி, புதுப் பள்ளிக்கூடம், தொடக்கத்தில் பையனும் அம்மாவும் பேசிக்கொள்வது, எல்லாம் அவர் சொன்னபடியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் இருந்தது. இஞ்சிப் பிளேன்டீ இல்லை, முருகன்மேல் சத்தியம் இல்லை. பின் இருக்கை அம்மாவுக்குப் பயந்தோ என்னவோ, வாழ்க்கையில் ஒரு தடவை மாமா ஒரு படத்தை உள்ளபடி சொல்லியிருக்கிறார். பஸ் வந்தது. பெண்பிள்ளை சிரித்தபடி இடம் விட்டாள். மூக்கைப் பொத்தினார்கள். சப்பாத்து ஜன்னலால் போனது. பையன் வீட்டுக்கு வந்தான்.

"மற்றச் சப்பாத்து எங்கே?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தொலைந்துவிட்டது" என்றான் பையன்.

"சாப்பிடு" என்றார் அம்மா.

அவ்வளவுதான் அங்கே இருந்தது. அவன் அவரிடம் சொல்லவே இல்லை. அந்தப் படத்தில் அவன் யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் எந்த பஸ்ஸும் வரவில்லை. ஹெட்மாஸ்டர் எழுதியது வேறு ஏதோ. பையன் ஏரியில் இறங்கித் திரும்பிப் பார்க்கிறான், ஒருவரும் கூப்பிடவில்லை. திரை வெள்ளையாகிறது. விளக்குப் போட்ட பிறகும் நான் எழும்பவில்லை. கொழுக்கட்டை, கோபம், நாளைக்கு நானும் வருகிறேன் என்ற சவால், எல்லாம் அம்மாவுடையவை. அக்காவிடம் ஏச்சு வாங்கி வளர்ந்த தம்பிக்கு, அக்கா என்ன சொல்லுவார் என்று தெரிந்திருந்தது. என் அம்மாவின் வார்த்தைகளை எடுத்து ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வாயில் வைத்து, சொன்னால் இப்படித்தான் நடக்கும், பயப்படாதே என்று எனக்கு முன்கூட்டியே காட்டியிருக்கிறார்.

வெளியே வந்து மாமாவுக்குப் போன் எடுத்தேன். இப்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாகக் கேட்க வேண்டியிருந்தது. "மாமா, சின்ன வயசுல என்னையக் கூட்டிட்டுப் போனீங்களே, பனிப்படம், அது எப்படி முடிஞ்சிச்சு?"

"ஏன், மறந்துட்டியா?" என்றார். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பையன் அம்மாகிட்டச் சொல்லிட்டான்ல. அம்மா போயிக் கூட்டிட்டு வந்துட்டாங்க."

"ஆமா மாமா" என்றேன்.

பத்து வயதில் எனக்குத் தெரியாமல் போனது இதுதான். அந்த இருட்டில், ஒரே திரைக்கு முன்னால், நான் ஒரு படமும் அவர் ஒரு படமும் பார்த்துக்கொண்டிருந்தோம். பையன் திரும்பிப் பார்த்தபோது கரையில் ஒருவரும் இல்லாததை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே என் கையைப் பிடித்து, வந்துட்டான், வந்துட்டான் என்று சொன்னார். நான் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மாமா நல்ல முடிவுக்கு அழுகிறவர் என்று எல்லோரிடமும் சொன்னேன்.